கிர்கிஸ்தானில் பெண்களும் அதிகாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகளில் ஒரு பெண் அதிபரைக் கண்ட நாடு கிர்கிஸ்தான் மட்டுமே. பெண்ணைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்த் திருமணம் முடிக்கும் வழக்கத்துக்காக உலகச் செய்திகளில் அதிகம் அடிபடும் நாடும் அதுதான். இரண்டும் எப்படி ஒரே மண்ணில் நடக்கின்றன என்பதுதான் பலரும் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிர்கிஸ் பெண்கள் வாக்குரிமையைப் போராடிப் பெற்றார்களா?

இல்லை. ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு வந்த சோவியத் ஆட்சி, 1918 முதல் தன் ஆளுகைக்குள் வந்த எல்லாப் பகுதிகளிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக வாக்குரிமை வழங்கியது. அந்த ஆட்சி வேரூன்றியபோது உரிமையும் கிர்கிஸ் மலைகளுக்கு வந்து சேர்ந்தது. 1920களில் பலதார மணமும் பெண்ணுக்கு விலைபேசும் 'கலிங்' வழக்கமும் தடை செய்யப்பட்டன.

மேலிருந்து வந்த உரிமை என்பதால் விலையே கொடுக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. உர்குயா சாலியேவா என்ற இளம்பெண் தெற்கில் ஒரு கூட்டுப் பண்ணையின் தலைவரானார். 1934இல் சோவியத் எதிர்ப்பாளர்கள் அவரைக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு. தலைநகர் பிஷ்கெக்கின் நடுவே அவருக்குப் பெரிய நினைவுச் சின்னம் நிற்கிறது.

பிற்காலச் சோவியத் மன்றங்களில் மூன்றில் ஒரு பங்குக்குப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த எண்ணிக்கையைக் கம்யூனிஸ்ட் கட்சியே மேலிடத்தில் தீர்மானித்தது. எந்த ஆலைத் தொழிலாளி, எந்தப் பால் பண்ணைப் பெண் உறுப்பினராக வேண்டும் என்பதுகூட அங்கேதான் முடிவானது. உண்மையான அதிகாரம் கட்சிக் குழுவில் இருந்தது. அங்கே பெண்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 1991 ஆகஸ்ட் 31 அன்று நாடு விடுதலை பெற்றது. கட்சியின் கணக்கு போனது, அதோடு பெண்களின் இருக்கைகளும் போயின.

சோவியத் காலத்துக்கு முன் பெண் தலைவர்களே இல்லையா?

இருந்தார்கள். அவர்களில் ஒருவரின் முகம் இன்று ஐம்பது சோம் நோட்டில் இருக்கிறது. அவர் குர்மஞ்ஜான் தாத்கா (1811–1907).

நிச்சயித்த மாப்பிள்ளையைப் பிடிக்காமல் தந்தை வீட்டுக்குத் திரும்பிவிட்ட பெண் என்றுதான் அவர் கதை தொடங்குகிறது. அந்தக் காலத்தில் அது சாதாரணத் துணிச்சல் அல்ல. பிறகு அலாய் மலைப் பகுதியின் தலைவரான அலிம்பெக்கை மணந்தார். அப்பகுதியை அப்போது ஆண்ட கோகந்து அரசின் அரசவைச் சூழ்ச்சியில் 1862இல் கணவர் கொல்லப்பட, அலாய் கிர்கிஸ் மக்களின் தலைமை குர்மஞ்ஜானிடம் வந்தது. அண்டை அரசான புகாராவின் அமீரே அவரை அங்கீகரித்து 'தாத்கா' என்ற பட்டம் கொடுத்தார். ஆளுநர், தளபதி போன்றவர்களுக்குக் கொடுக்கும் பட்டம் அது.

1876இல் ரஷ்யப் படை அலாய்க்குள் நுழைந்தது. எதிர்த்து நின்றால் தன் மக்கள் அழிவார்கள் என்று கணித்து அவர் உடன்பாட்டுக்கு வந்தார். இதை இன்றும் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். 1895இல் சுங்க அதிகாரிகள் கொல்லப்பட்ட வழக்கில் அவருடைய மகன் கம்சிபெக்கை ரஷ்யர்கள் ஓஷ் நகரில் தூக்கிலிட்டார்கள். மகனை மீட்க ஆட்கள் தயாராக இருந்தும், அதனால் எழும் போர் மலை முழுவதையும் எரித்துவிடும் என்று சொல்லி அவர் தடுத்துவிட்டார் என்கிறார்கள். நாடோடி வாழ்வில் கூடாரம் அமைப்பதும் மந்தையைக் காப்பதும் கணவன் இல்லாதபோது முடிவெடுப்பதும் பெண்ணின் வேலைகளாக இருந்தன. அந்தச் சமூகத்தில் இப்படி ஒருவர் எழ இடம் இருந்தது. ஆனால் அவர் தலைவரானது கணவரை இழந்த பிறகு. பெண் தலைமைக்குச் சான்றாக மேடைதோறும் அவர் பெயரைச் சொல்லும் அரசியல்வாதிகள் இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுவார்கள்.

ரோசா ஒதுன்பாயேவா எப்படி அதிபரானார்? தேர்தலில் வென்றா?

வழக்கமான அதிபர் தேர்தலில் அல்ல. 1950இல் பிறந்தவர். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, பிஷ்கெக்கில் அதையே கற்பித்தவர். விடுதலைக்குப் பிறகு வெளியுறவு அமைச்சர், அமெரிக்காவுக்கான முதல் தூதர், பிறகு பிரிட்டனுக்கான தூதர். அதிபர் அஸ்கார் அகாயேவின் அணியிலிருந்து விலகி எதிர்க்கட்சிப் பக்கம் வந்த பிறகுதான் அவருடைய அரசியல் சூடு பிடித்தது.

2005 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் பிஷ்கெக் பல்கலைக்கழகத் தொகுதியில் நிற்க முயன்றார். வேட்பாளர் கடைசி ஐந்து ஆண்டுகள் நாட்டிலேயே வசித்திருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டித் தடுத்துவிட்டார்கள். அவர் வெளியே இருந்தது நாட்டின் தூதராகத்தான்! அதே தொகுதியில் அதிபரின் மகள் பெர்மெத் அகாயேவா போட்டியிட்டார் என்பதைச் சேர்த்துப் படித்தால் விதியின் நோக்கம் புரியும். அந்தத் தேர்தலில் நடந்த முறைகேடுகளால் கிளம்பிய மக்கள் எழுச்சியில் 2005 மார்ச்சில் அகாயேவ் நாட்டைவிட்டு ஓடினார். எழுச்சியின் முன்வரிசையில் ஒதுன்பாயேவா இருந்தார்.

அடுத்து வந்த குர்மான்பெக் பாக்கியேவும் தன் குடும்பத்துக்கே அதிகாரத்தைக் குவித்தார். 2010 ஏப்ரல் 7 அன்று பிஷ்கெக் சதுக்கத்தில் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தார்கள், பாக்கியேவ் ஆட்சி கவிழ்ந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் கூடி அமைத்த இடைக்கால அரசுக்கு ஒதுன்பாயேவா தலைவரானார். ஒருவரை ஒருவர் நம்பாத ஆண் தலைவர்கள், யாருக்கும் அச்சுறுத்தலாகாத சமரச ஆளாக அவரை ஏற்றார்கள் என்று அப்போதே பேசப்பட்டது. அதில் உண்மை இருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அடுத்த இருபது மாதங்களைப் பார்த்தால் அவர் வெறும் சமரச ஆளாக நடந்துகொள்ளவில்லை.

ஜூனில் ஓஷிலும் ஜலால்-அபாத்திலும் கிர்கிஸ், உஸ்பெக் மக்களிடையே வெடித்த வன்முறையில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவருடைய அரசால் அதைத் தடுக்க முடியவில்லை. அவர் ஆட்சியின் மிகப் பெரிய கறை அது. அந்த இரத்தம் காய்வதற்குள், ஜூன் 27 அன்று பொதுவாக்கெடுப்பு நடத்தினார். அதிபரின் அதிகாரத்தைக் குறைத்து நாடாளுமன்றத்தை வலுவாக்கும் அரசமைப்புக்கு ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் ஆதரவு கிடைத்தது. அதே வாக்கெடுப்பு அவரை 2011 இறுதிவரை அதிபராக ஏற்றது. அடுத்த தேர்தலில் அவர் நிற்கக் கூடாது என்பது நிபந்தனை. 2011 டிசம்பர் 1 அன்று தேர்தலில் வென்ற அல்மாஸ்பெக் அதம்பாயேவிடம் பதவியை ஒப்படைத்துவிட்டு வெளியேறினார். அவருக்கு முன் இருந்த இரு அதிபர்களும் மக்கள் விரட்டியதால் ஓடியவர்கள். பதவிக்காலம் முடிந்ததும் தானாக இறங்கிப் போன முதல் கிர்கிஸ் அதிபர் ஒரு பெண்.

பின்னர் 2022 முதல் ஆப்கானிஸ்தானுக்கான ஐ.நா. பொதுச்செயலரின் சிறப்புப் பிரதிநிதியாக இருந்து, பெண் கல்வியைத் தடைசெய்த தாலிபான்களுடன் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசினார்.

அவருக்குப் பிறகு வேறு பெண் யாரும் அதிபர் பதவிக்கு வரவில்லையா?

இல்லை. 2021 ஜனவரியில் சதிர் ஜாபரோவ் வென்ற தேர்தலில் பதினேழு வேட்பாளர்கள். அவர்களில் ஒரே பெண், அரசமைப்பு நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கிளாரா சோரோன்குலோவா. அவர் பெயர் இந்தப் பக்கத்தில் மறுபடி வரும்.

ஒருகாலத்தில் நாடாளுமன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கிர்கிஸ் நாடாளுமன்றத்தின் பெயர் ஜோகோர்கு கெனெஷ். 2005இல் தேர்வானதில் 75 இடங்கள், எல்லாம் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறை. இறுதியில் 75 பேரும் ஆண்கள். தொகுதியில் பணமும் குலத் தொடர்பும் உள்ளவர்தான் வெல்ல முடியும் என்ற நிலையில், பெண்ணுக்குப் பணம் சேர்த்துக் கொடுக்க எந்தக் குலமும் முன்வராது. பெண் மணமாகிப் போனால் வேறு குலத்தவள். பிறந்த ஊர் 'அவள் இப்போது நம்மவள் அல்ல' என்னும், புகுந்த ஊர் 'இவள் எப்போது நம்மவள் ஆனாள்' என்னும்.

வெட்கக்கேடான அந்த நிலைதான் மாற்றத்துக்கும் வழி திறந்தது. பெண்கள் அமைப்புகள் விடாமல் கொடுத்த அழுத்தத்தால் 2007இல் தேர்தல் முறையே மாறியது. கட்சிப் பட்டியல் முறை வந்தது: மக்கள் கட்சிக்கு வாக்களிப்பார்கள், அது பெற்ற வாக்குகளின் அளவுக்குப் பட்டியலின் மேலிருந்து வரிசையாக உறுப்பினர்கள் உள்ளே போவார்கள். பட்டியலில் ஒரே பாலினத்தவர் எழுபது சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பெண்களை எல்லாம் அடியில் தள்ளிவிடாமல் இருக்க, வரிசையில் ஆண் பெண் இடைவெளி மூன்று இடங்களைத் தாண்டக் கூடாது. அந்த டிசம்பரிலேயே 90 பேர் அவையில் 23 பெண்கள் உட்கார்ந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் கிர்கிஸ் சமூகம் மனம் திருந்திவிடவில்லை. மாறியது சட்டத்தின் ஒரு பிரிவு.

இடஒதுக்கீடு இருந்தும் முப்பது சதவீதம் ஏன் எட்டவில்லை?

இது நல்ல கேள்வி. 2010இல் 120 இடங்களில் 28 பெண்கள். 2015இல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. சட்டம் அதேதான், எண்ணிக்கை மட்டும் இறங்கியது.

காரணம், சட்டம் வேட்பாளர் பட்டியலைத்தான் கட்டுப்படுத்தியது, நாற்காலியை அல்ல. பட்டியலைத் தேர்தல் ஆணையம் சரிபார்க்கும் நாளில் பெண்கள் உரிய இடத்தில் இருப்பார்கள். தேர்தல் முடிந்ததும் 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்' என்று கடிதம் வரும். பட்டியலில் அடுத்து நிற்கும் ஆண் உள்ளே போவார். சிலர் விரும்பியே விலகியிருக்கலாம். அமைச்சரவைப் பதவிக்காகப் போனவர்களும் உண்டு. ஆனால் விலகல்கள் இப்படி ஒரே திசையில் வரிசையாக நடந்தால் அதைத் தற்செயல் என்று யாரும் நம்ப மாட்டார்கள். வேட்புமனுவோடு சேர்த்தே தேதியிடாத விலகல் கடிதத்திலும் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள் என்ற பேச்சு பிஷ்கெக்கில் பல காலமாக உண்டு. பிறகுதான், பெண் விலகினால் அந்த இடம் பட்டியலில் உள்ள அடுத்த பெண்ணுக்கே போக வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள்.

இன்னொரு காரணம் பணம். 2015 தேர்தலில் ஒரு கட்சி கட்ட வேண்டிய வைப்புத் தொகை ஐம்பது லட்சம் சோம். முந்தைய தேர்தலைப் போல் பத்து மடங்கு. கட்சித் தலைமைகள் இந்தச் சுமையைப் பட்டியலின் மேல்வரிசை வேட்பாளர்கள் தலையில் வைக்கும். காசு கட்டுபவருக்கு முதல் இடங்கள். சொத்தும் கால்நடையும் நிறுவனமும் பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கும் நாட்டில் பெண் எங்கிருந்து கட்டுவாள்?

2021இல் அவை மறுபடி 90 இடங்களாகச் சுருங்கியது. 54 இடங்கள் பட்டியலுக்கும் 36 ஒற்றை உறுப்பினர் தொகுதிகளுக்கும் பிரிந்தன. பெண் ஒதுக்கீடு பட்டியலுக்கு மட்டும். ஒற்றை உறுப்பினர் தொகுதிகள் 2005இல் எப்படி நடந்துகொண்டனவோ அப்படியே நடந்துகொண்டன. பெண்களின் பங்கு மீண்டும் ஐந்தில் ஒன்றை ஒட்டியே நின்றது.

2025 தேர்தலில் வந்த புதிய முறை என்ன?

பட்டியல் முறை முழுதாகப் போய்விட்டது. நாட்டை 30 தொகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று உறுப்பினர்கள். மூவரில் ஒரே பாலினத்தவர் இருவருக்கு மேல் கூடாது. முதல் மூன்று இடங்களில் வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள் என்றால், மூன்றாமவர் விலகி, பெண்களில் அதிக வாக்கு பெற்றவர் உள்ளே வருவார். 2025 நவம்பர் 30 அன்று நடந்த முன்கூட்டிய தேர்தல் இந்த முறைப்படிதான் நடந்தது. ஒதுக்கீடு முதல்முறையாக நாற்காலிக்கே வந்தது. 90இல் முப்பது இடங்களாவது பெண்களுக்கு உறுதி.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கட்சிகளின் இடத்தைத் தனிநபர்கள் பிடித்துவிட்டார்கள். ஒரு வேட்பாளர் கட்ட வேண்டிய தொகை மூன்று லட்சம் சோம். தொகுதியோ முன்பைவிடப் பெரிது. ஆகவே வெல்லும் பெண் யார் என்பதைப் பணமும் உள்ளூர்ச் செல்வாக்கும் அரசின் கண்ணசைவும் தீர்மானிக்கும் வாய்ப்பு கூடியிருக்கிறது. பெண்களின் எண்ணிக்கை உயர்ந்த அதே வேளையில், அவையில் எதிர்க்குரல் எழும் இடம் சுருங்கிவிட்டது. இரண்டில் எதைக் கொண்டாடுவது, எதற்கு வருந்துவது என்று கிர்கிஸ் பெண்ணியவாதிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

அதிக வாக்கு பெற்ற ஆணை விலக்கிப் பெண்ணை உட்கார வைப்பது நியாயமா?

முறைப்படி பார்த்தால் கேள்வி சரி. ஆனால் 75க்கு 75 ஆண்கள் வந்தபோது இதே கேள்வியை யாரும் கேட்கவில்லை.

கிராம அளவில் நிலைமை எப்படி?

உண்மையான திருப்பம் அங்கேதான் நடந்தது, வெளியுலகம் கவனிக்கவில்லை. கிராம மன்றத்தை அய்ல் கெனெஷ் என்பார்கள். அங்கே பட்டியல் முறை இல்லை என்பதால் 2007 சட்டம் செல்லவில்லை. பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் பெண்கள் இருந்தார்கள். ஒரு பெண்கூட இல்லாத மன்றங்களும் நிறைய. 2019இல் சட்டம் திருத்தி, கிராம மன்றங்களில் முப்பது சதவீத இடங்களைப் பெண்களுக்கென ஒதுக்கினார்கள். 2021 ஏப்ரலில் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு பெண்களின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டியது.

வந்தவர்களில் பெரும்பாலோர் ஆசிரியைகள், செவிலியர்கள். குடிநீர்க் குழாய், மழலையர் பள்ளி, பாசன வாய்க்கால் முறை, மேய்ச்சல் நிலக் கட்டணம் ஆகியவைதான் அந்த மன்றங்களின் அன்றாட வேலை. தண்ணீர் சுமப்பவர்கள் யார் என்று தெரிந்த ஊரில், தண்ணீருக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதை அதுவரை சுமக்காதவர்களே முடிவு செய்துகொண்டிருந்தார்கள். இருந்தாலும் ஊராட்சி நிர்வாகத் தலைவர் பதவியில், அதாவது பணத்தைச் செலவழிக்கக் கையெழுத்துப் போடும் இடத்தில், பெண்கள் இன்றும் மிகச் சிலரே. அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு இல்லை.

பெண் உறுப்பினர்கள் அவைக்குப் போய் என்ன சாதித்தார்கள்?

ஓர் ஒப்பீடு 2012இல் நாடாளுமன்றத்தையே உலுக்கியது. ஆட்டைத் திருடினால் அதிகபட்சம் பதினொரு ஆண்டு சிறை. பெண்ணைத் திருமணத்துக்காகக் கடத்தினால் மூன்று ஆண்டு. இரண்டும் ஒரே சட்டப் புத்தகத்தில். இதைச் சொல்லிச் சொல்லியே பெண் உறுப்பினர்களும் அமைப்புகளும் தண்டனையை உயர்த்த வைத்தார்கள். 2013 ஜனவரியில் கையெழுத்தான திருத்தப்படி, பெண்ணைக் கடத்தி மணம் செய்தால் ஏழு ஆண்டு வரை, சிறுமி என்றால் பத்து ஆண்டு வரை சிறை. பதினெட்டு நிரம்பாதவர்களுக்கு நிக்காஹ் செய்து வைப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 2016 நவம்பரில் வந்தது. பெற்றோர், மாப்பிள்ளை, ஓதி வைத்தவர் என மூவரும் சிறைக்குப் போகலாம். இந்தச் சட்ட முயற்சிகளில் முன்நின்றவர்களில் அய்னுரு அல்திபாயேவா முக்கியமானவர். 2017இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் புதிதாக எழுதப்பட்டது.

2011 முதல் நாடாளுமன்றத்தில் கட்சி வேறுபாடு கடந்த பெண் உறுப்பினர் மன்றம் ஒன்று இயங்கியது. அவர்கள் எல்லா விஷயத்திலும் ஒன்றாக நின்றார்கள் என்று சொல்ல மாட்டேன். பெண்ணியத்தை மேலைநாட்டு நோய் என்று பேசிய பெண் உறுப்பினர்களும் அந்த அவையில் உண்டு.

பெண் கடத்தல் அவர்களின் பழைய மரபுதானே?

'அலா கச்சூ' என்று பெயர். நடப்பது இதுதான்: பையனும் நண்பர்களும் பெண்ணைக் காரில் ஏற்றிப் பையன் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே வீட்டுப் பெண்கள் காத்திருப்பார்கள். அவள் தலையில் வெள்ளைத் துணி கட்டிவிட்டால் சம்மதித்துவிட்டாள் என்று பொருள். மறுத்தால் பாட்டி வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொள்வாள். மூத்தவளைத் தாண்டிப் போவது சாபம். ஓர் இரவு அந்த வீட்டில் கழிந்துவிட்டால், எதுவும் நடக்காவிட்டாலும், ஊர் வாய்க்குப் பயந்து பெற்றோரே 'இருந்துவிடு' என்பார்கள். 'உயாத்', அதாவது வெட்கம், ஊர்ப்பழி. காவல் துறையால் செய்ய முடியாததையும் அந்த ஒற்றைச் சொல் செய்துவிடும்.

எல்லாம் பலவந்தம் அல்ல. கலிங் பணமும் கல்யாணச் செலவும் தவிர்க்க, காதலித்தவர்களே பேசிவைத்து நடத்தும் 'கடத்தலும்' உண்டு. இந்த மங்கலான எல்லையில்தான் குற்றவாளிகள் ஒளிந்துகொள்கிறார்கள். மரபு என்ற வாதத்தைப் பொறுத்தவரை, பலவந்தக் கடத்தல் இந்த அளவுக்குப் பரவியது இருபதாம் நூற்றாண்டில்தான் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். பழைய நாடோடிச் சமூகத்தில் இன்னொரு குலத்துப் பெண்ணைத் தூக்கிப் போவது போருக்கு அழைப்பு விடுப்பதாகும்.

சட்டம் கடுமையான பிறகு நின்றுவிட்டதா?

நிற்கவில்லை. 2018 மே மாதம், கடத்தப்பட்ட இருபது வயது மருத்துவ மாணவி ஒருவரைக் காவல் துறை மீட்டது. புகாரைப் பதிவு செய்யும்போது அவரையும் கடத்தியவனையும் காவல் நிலையத்திலேயே ஒன்றாக விட்டுவைத்தார்கள். அவன் அங்கேயே அவரைக் குத்திக் கொன்றான். இருபது ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 2021 ஏப்ரலில் பிஷ்கெக்கின் நடுத்தெருவில், பட்டப்பகலில், இன்னொரு பெண்ணைக் காரில் அடைத்துக் கொண்டுபோனார்கள். கண்காணிப்புக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. வீட்டார் முறையிட்டபோது 'கல்யாணத்தில் முடியும்' என்ற பாணியில் காவலர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இரண்டு நாள் கழித்து நகருக்கு வெளியே அவர் உடல் கிடைத்தது. உள்துறை அமைச்சகத்தின் முன் நூற்றுக்கணக்கானோர் திரண்டார்கள். நகரக் காவல் தலைவர் பதவி இழந்தார்.

சட்டத்தில் குறை தேடி இனிப் பயனில்லை. புகாரை வாங்கும் மேசையில்தான் எல்லாம் நிற்கிறது. கடத்தல் வழக்குகள் சமரசத்தில் முடிகின்றன. குடும்ப வன்முறைப் புகார்கள் ஆண்டுக்குப் பத்தாயிரத்தை ஒட்டியும் தாண்டியும் பதிவாகின்றன, ஆனால் நீதிமன்றத்தில் குற்ற வழக்காக முடிபவை அவற்றில் சிறு பகுதியே. பெண்கள் அரசியலுக்கு வருவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள், புகுந்த வீட்டின் அனுமதியில்லாமல் ஒரு 'கெலின்', அதாவது மருமகள், மாலைக் கூட்டம் ஒன்றுக்குப் போய்வர முடியுமா என்று யோசித்துப் பார்க்கலாம்.

'ஓபோன்' பெண்கள் என்பவர்கள் யார்?

கிர்கிஸ் அரசியலின் விசித்திரமான பாத்திரங்கள். ரஷ்யக் கலவரத் தடுப்புப் படையான 'ஓமோன்' பெயரைக் கிண்டலாகத் திரித்து, 'சிறப்புப் பணிப் பெண்கள் படை' என்ற பொருளில் வைத்த பெயர். நடுத்தர வயது, முதிய பெண்கள். ஒரு தலைவரின் ஆட்கள் அவர்களைத் திரட்டி, நீதிமன்றத்துக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ முன்னால் நிறுத்துவார்கள். அவர்கள் வாயிலை மறிப்பார்கள், கூச்சலிடுவார்கள், அதிகாரியை அறையிலிருந்து இழுத்து வெளியே விடுவார்கள். தாயின் வயதுள்ளவர்கள் மீது எந்தக் காவலர் தடியைத் தூக்குவார்? அந்தத் தயக்கம்தான் ஆயுதம். கூலி உண்டு.

நகரத்துப் படித்தவர்கள் இவர்களைப் பழிப்பார்கள். எனக்கு அந்தப் பழிப்பில் உடன்பாடு இல்லை. ஓய்வூதியம் போதாத, வேலை இல்லாத ஒரு பெண்ணுக்கு அரசியல் கொடுத்த ஒரே வேலை அது என்றால், வெட்கப்பட வேண்டியது கூலி கொடுத்தவர். கூட்டம் தேவைப்படும்போது பெண்களை முதல் வரிசையில் வைத்தவர்கள்தான் பட்டியல் எழுதும்போது அவர்களைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார்கள். இன்னொரு கேடும் உண்டு. உண்மையான குறையோடு தெருவுக்கு வரும் எந்தப் பெண்ணையும் 'ஓபோன்' என்று சொல்லி வாயடைத்துவிட முடிகிறது.

மார்ச் 8 பேரணியில் என்ன நடந்தது?

மார்ச் 8 அங்கே அரசு விடுமுறை, பூச்செண்டு நாள். 2020இல் பெண்கள் பிஷ்கெக்கில் வன்முறைக்கு எதிராகப் பேரணி தொடங்கினார்கள். முகமூடி அணிந்த ஆண்கள், சிலர் தலையில் தேசியக் குல்லாயான கல்பாக்கோடு, பாய்ந்து வந்து பதாகைகளைக் கிழித்தார்கள், அடித்தார்கள். காவலர்கள் வந்து கைது செய்தது அடி வாங்கியவர்களை. சுமார் எழுபது பேரைப் பிடித்துப்போய் மணிக்கணக்கில் வைத்திருந்தார்கள். பாதுகாப்புக்காக என்று விளக்கம் சொன்னார்கள். பிந்தைய ஆண்டுகளில் நகர மையத்தில் கூட்டம் நடத்தவே நீதிமன்ற உத்தரவுகள் மூலம் தடை நீண்டுகொண்டே போகிறது.

அரசை எதிர்க்கும் பெண்களுக்கு என்ன நேர்கிறது?

கெம்பிர்-அபாத் வழக்கைப் பார்த்தால் போதும். 2022இல் அந்த நீர்த்தேக்கத்தை எல்லை உடன்பாட்டின்படி உஸ்பெகிஸ்தானுக்கு விட்டுக்கொடுப்பதை எதிர்த்தவர்களை அக்டோபரில் ஒரே வீச்சில் கைது செய்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் முன்னாள் அதிபர் வேட்பாளர் கிளாரா சோரோன்குலோவா, முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் அஸ்யா சசிக்பாயேவா, மனித உரிமைச் செயல்பாட்டாளர் ரீட்டா கரசார்த்தோவா, தேர்தல் ஆணைய முன்னாள் உறுப்பினர் குல்நாரா ஜுராபாயேவா ஆகியோர் உண்டு. கலவரத்துக்குத் திட்டமிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. சிறையிலும் வீட்டுக் காவலிலும் காலம் கழிந்தது. 2024 ஜூனில் நீதிமன்றம் விடுதலை செய்தது.

அதே ஆண்டு ஏப்ரலில், வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள் தங்களை 'அந்நியப் பிரதிநிதி' என்று பதிவு செய்ய வைக்கும் சட்டத்தில் ஜாபரோவ் கையெழுத்திட்டார். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான நெருக்கடி மையங்களும் தஞ்ச இல்லங்களும் பெரும்பாலும் இத்தகைய நிதியில்தான் நடக்கின்றன. அரசு அந்த வேலையைத் தானே எடுத்துச் செய்யப்போவதும் இல்லை.

இதற்கெல்லாம் இஸ்லாம் காரணமா?

எளிதான பதில், ஆனால் சரியான பதில் அல்ல. அலா கச்சூ மார்க்கத்துக்கு விரோதம் என்று அந்நாட்டு முஸ்லிம்களின் தலைமை மத அமைப்பான முஃப்தியாத்தே கண்டித்திருக்கிறது. சட்டத்தில் நாடு மதச்சார்பற்றது. 2025 ஜனவரியில் பொது இடத்தில் முகத்தை மூடும் உடைக்கே தடை விதித்தார்கள், மீறினால் இருபதாயிரம் சோம் அபராதம். பெண் என்ன உடுத்த வேண்டும் என்பதை மசூதிக்குப் பதில் அரசு தீர்மானிப்பதை விடுதலை என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு.

அண்டை நாடுகளோடு ஒப்பிட்டால்?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் உஸ்பெகிஸ்தான் முன்னே நிற்கிறது. 2024 தேர்தலில் கட்சிகள் நாற்பது சதவீதம் பெண்களை நிறுத்த வேண்டும் என்று விதி. கீழவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். செனட் தலைவர் 2019 முதல் தன்சிலா நர்பாயேவா. ஆனால் அங்கே எதிர்க்கட்சி என்று ஒன்று கிடையாது. கஜகஸ்தானில் முன்னாள் அமைச்சர் ஒருவர் மனைவியை அடித்துக் கொன்ற வழக்கு நேரலையில் ஒளிபரப்பாகி, 2024இல் குடும்ப வன்முறைச் சட்டத்தைக் கடுமையாக்க வைத்தது. துர்க்மெனிஸ்தானிலும் பெண் அவைத் தலைவர் இருக்கிறார். அந்த அவையில் என்ன விவாதம் நடந்தது என்று யாராவது சொன்னால் தெரிந்துகொள்ளலாம்.

மகளை மருத்துவம் படிக்க அங்கே அனுப்பலாமா? கடத்திவிடுவார்களா?

தமிழ்நாட்டிலிருந்து பிஷ்கெக்குக்கும் ஓஷுக்கும் எம்.பி.பி.எஸ். படிக்கப் போகிறவர்கள் ஏராளம் என்பதால் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி. அலா கச்சூ என்பது ஊர்ப்பழிக்கு அஞ்சும் உள்ளூர்க் குடும்பங்களுக்குள் நடப்பது. பெண்ணின் வீட்டார் 'இருந்துவிடு' என்று சொல்லப்போவதில்லை என்று தெரிந்தால் அந்த வழக்கத்துக்கே வேலை இல்லை. எனவே வெளிநாட்டு மாணவிகள் அதன் வழக்கமான இலக்கு அல்ல. 2024 மே மாதம் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர் விடுதிகளைக் கும்பல் தாக்கியது வேறு பிரச்சினை. உள்ளூர் இளைஞர்களுக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் நடந்த அடிதடியிலிருந்து கிளம்பியது. விடுதி எங்கே இருக்கிறது, இரவில் எப்படித் திரும்புவாள், தூதரகத்தில் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கு இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் வகுத்த நிபந்தனைகள் பொருந்துகின்றனவா என்பதை முகவர் வாயால் கேட்டுத் திருப்தி அடையாமல் நீங்களே சரிபாருங்கள்.